பழவேற்காடு ஒரு நாள் வேன் டூர்: ஊருக்கு முழு மார்க், டூருக்குப் பாதிதான்

நேரடியாக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சென்னையிலிருந்து காலையில் வேனில் ஏற்றிக்கொண்டு போய், பழவேற்காட்டைச் சுற்றிக்காட்டி, மதியம் மீன் சாப்பாடு போட்டு, இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடும் டூர் இது. தலைக்கு 1,800 ரூபாய் வாங்கினார்கள். கம்பெனி பெயரைப் போட்டு வம்பு வளர்க்க விருப்பமில்லை, அதுவும் இல்லாமல் இந்த மாதிரி டூர்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே நோட்டீஸைத்தான் அச்சடிக்கிறார்கள்: பூநாரைக் கூட்டம், டச்சுக் கோட்டை, ஏரியில் படகு சவாரி, 'ராக்கெட் தீவு' தரிசனம். நான், அக்கா, எட்டாவது படிக்கும் அவள் பையன் மூன்று பேரும் போனோம். அப்புறம் மனசு ஆறாமல் நானும் அக்காவும் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வேன் நன்றாக இருந்தது, ஏசி வேலை செய்தது, டிரைவர் நிதானமானவர். அதற்கு மார்க் கொடுத்துவிடலாம். பிரச்சினை கைடுதான். பொன்னேரி தாண்டும் வரைக்கும் மைக்கில் பாட்டுப் போட்டுவிட்டு, ஊர் எல்லை வந்ததும் "இது வெள்ளைக்காரன் காலத்து ஊர், இங்கே ஒரு ஏரி இருக்கு, அந்தப் பக்கம் கடல்" என்று மூன்றே வரியில் முடித்துவிட்டார். ஆனால் பழவேற்காட்டில் பார்க்க வேண்டியதே அந்த மூன்றாவது வரிக்குள்தான் இருக்கிறது. ஏரி இந்தப் பக்கம், கடல் அந்தப் பக்கம், சரி, நடுவில் என்ன இருக்கிறது?

நடுவில் இருப்பது மணல். ஸ்ரீஹரிகோட்டா என்று ராக்கெட்டால் நமக்கெல்லாம் தெரிந்த இடம், அடிப்படையில் வங்கக்கடலுக்கும் ஏரிக்கும் குறுக்கே நீளவாக்கில் படுத்துக் கிடக்கும் ஒரு மணல் தீவு. கடல் அலை கொண்டுவந்து சேர்த்த மணல் மேடாகி, அதற்குப் பின்னால் தண்ணீர் தேங்கி உண்டானதுதான் இந்த ஏரி. இந்தியாவின் உப்புநீர் ஏரிகளில் ஒடிஷாவின் சிலிகாவுக்கு அடுத்து பெரியது இதுதான். வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி ஆந்திராவில். நமக்கு, அதாவது திருவள்ளூர் மாவட்டத்துக்கு, தெற்கு வால் மட்டும்தான் வருகிறது. இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான் என்றால் நம்புவது கஷ்டம், ஆனால் படகுக்காரர் துடுப்பை விட்டுவிட்டுக் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் நம்பிவிடுவீர்கள். தெற்கே ஆரணி ஆறு, வடக்கே காளங்கி ஆறு வந்து சேர்கின்றன. மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் நிறைந்து ஏரி கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிவிடும், கோடையில் வற்றி வற்றிக் கடலைவிட உப்பாகவும் ஆகிவிடும். கடல் உள்ளே வந்துபோவது மணல் மேட்டில் இருக்கும் திறப்புகள் வழியாக. அதைத்தான் முகத்துவாரம் என்கிறார்கள். இந்த ஊரின் நல்லது கெட்டது எல்லாமே அந்த வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. நோட்டீஸில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

வேன் முதலில் நின்றது டச்சுக் கல்லறையில். இருபது நிமிடம் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கொடுத்தாலும் போதாத இடம் இது. தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது, சுத்தமாகவே இருந்தது. வாசலிலேயே இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன. கிட்டப் போய்ப் பாருங்கள், உப்புக் காற்று இத்தனை காலம் அரித்தும் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிகின்றன. உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள், கூம்பு மாதிரி சில, குவிமாடம் வைத்துச் சின்ன மண்டபம் மாதிரி சில. தரையில் பதித்த பெரிய கருங்கல் பலகைகளில் டச்சு மொழியில் எழுத்து, மேலே குடும்பச் சின்னம், தலைக்கவசம், சுருள் சுருளான இலைக்கொடி. எழுத்தின் பள்ளத்தில் விரலை வைத்து ஓட்டினால் ஓரம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. அக்கா பையன் ஒரு பலகையில் 16 என்று ஆரம்பிக்கும் வருஷத்தைக் கண்டுபிடித்துவிட்டு, "மாமா, இது மெட்ராஸுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டான். கைடைக் கேட்கச் சொன்னேன். அவர் "பேய்க் கல்லறை, ராத்திரி யாரும் வரமாட்டாங்க" என்றார். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை.

பையன் கேட்டது சரியான கேள்வி. சென்னை உண்டான கதையில் பாதி இந்த ஏரிக்கரையில்தான் நடந்தது. போர்ச்சுக்கீசியர் சாந்தோமில் உட்கார்ந்திருந்த காலத்தில், டச்சுக் கம்பெனிக்காரர்கள் 1610இல் விஜயநகர அரசர் வேங்கடரிடம் அனுமதி வாங்கி இங்கே வியாபாரத்துக்குக் கடை விரித்தார்கள். 1612இல் போர்ச்சுக்கீசியர் வந்து அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள். மறுவருஷமே, 1613இல், டச்சுக்காரர்கள் கோட்டையாகக் கட்டிவிட்டார்கள், கெல்டிரியா கோட்டை என்று பெயர். சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையிடம் இதுதான், 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரைக்கும். ஆங்கிலேயர்களும் 1621இல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இங்கே வந்து ஒண்டிப் பார்த்தார்கள், டச்சுக்காரர்களோடு ஒத்துப்போகவில்லை, இரண்டு வருஷத்தில் மூட்டையைக் கட்டினார்கள். அடுத்து 1626இல் போய் இறங்கியது இதே ஏரியின் வடக்கு முனையில், இன்றைக்கு ஆந்திராவில் துகராஜப்பட்டினம் என்று சொல்லும் இடத்தில். அங்கேயும் வியாபாரம் சரிப்படாமல்தான் 1639இல் மதராசப்பட்டினத்து மணலுக்கு வந்தார்கள். ஆக, பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் பாரிமுனை எங்கே இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வியாபாரம் என்றால் துணிதான். இங்கிருந்து கட்டம் போட்ட துணியும் சாயத் துணியும் கிழக்கே கப்பலேறும், அங்கே அதைக் கொடுத்து ஜாதிக்காய், கிராம்பு வாங்குவார்கள். மலேசியாவில் இன்றைக்கும் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்குப் பெலிகாட் என்றுதான் பெயர், இந்த ஊரின் ஆங்கிலப் பெயரான புலிகாட்டிலிருந்து போனதுதான். துணியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இங்கே வெடிமருந்து ஆலையும் நடத்தினார்கள், பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கான மனிதர்களை விலைக்கு வாங்கி படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகக் கப்பலேற்றியதும் இந்தக் கரையிலிருந்துதான். கல்லறையில் சின்னம் பொறித்துப் படுத்திருப்பவர்கள் அந்தக் கணக்கை எழுதிய கம்பெனியின் ஆட்கள். ஏற்றிவிடப்பட்டவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை. டூர் நடத்துகிறவர்கள் பேய்க் கதைக்குச் செலவழிக்கும் மூச்சில் இதைச் சொல்லலாம்.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். ஆபிரகாம் ரொஜேரியஸ் என்று ஒரு டச்சுப் பாதிரியார், 1632 முதல் பத்து வருஷம் இங்கே வேலை பார்த்தவர். பத்மநாபன் என்ற பிராமணரிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு நம்மூர் வழிபாடு, பழக்கவழக்கம் எல்லாவற்றையும் எழுதிவைத்தார், கூடவே பர்த்ருஹரியின் சமஸ்கிருதப் பாடல்களை டச்சு மொழிக்குக் கொண்டுபோனார். அவர் இறந்த பிறகு 1651இல் அது அச்சில் வந்தது. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பாவுக்குப் போன முதல் பாதைகளில் ஒன்று இந்த மீன்பிடி ஊர் வழியாகப் போயிருக்கிறது. ஊரில் இதற்கு ஒரு போர்டு வைத்தால் நன்றாக இருக்கும்.

கோட்டையைப் பற்றி எதிர்பார்ப்பு வைக்காதீர்கள். நோட்டீஸில் போட்டிருக்கும் படம் வேறு ஏதோ ஊர்க் கோட்டை (தரங்கம்பாடி என்று எனக்குச் சந்தேகம்). இங்கே இருப்பது முள்ளுக்காடு மண்டிய மேடும், சுற்றி அகழியின் தடமும்தான். 1824 ஒப்பந்தப்படி மறுவருஷம் ஊர் முழுசாக ஆங்கிலேயர் கைக்குப் போனது, அவர்களுக்கு இந்தக் கோட்டையால் ஆக வேண்டியது எதுவும் இல்லை. "வெள்ளைக்காரன் கட்டின கோட்டை" என்று கைடு ஆங்கிலேயர் கணக்கில் எழுதியதைத் திருத்தப் போனேன், அக்கா கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

அடுத்து படகு சவாரி. இதில்தான் எனக்குக் கோபம். காசு வாங்கும்போது படகும் சேர்த்துத்தான் வாங்கினார்கள், அங்கே போனதும் "இன்னிக்கு போலீஸ் கெடுபிடி சார்" என்றார்கள். இன்றைக்கு மட்டும் உள்ள கெடுபிடி இல்லை இது. 2011 கிறிஸ்துமஸ் அன்றைக்கு இங்கே சுற்றுலாப் பயணிகளோடு போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள், அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுக்குத் தடையே வந்தது. அது தெரிந்துகொண்டே நோட்டீஸில் போடுவது ஏமாற்று வேலை. கரையில் யாராவது வந்து காதோடு "முன்னூறு ரூபா கொடுங்க, சட்டுனு ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள். ஏரி ஆழமில்லைதான், முகத்துவாரம் பக்கம் கடலும் கழியும், அதாவது ஏரித் தண்ணீரும், மோதும் இடத்தில் இழுப்பு எப்படி இருக்கும் என்று அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பூநாரை? பார்த்தோம், தூரத்தில், வெள்ளைப் புள்ளிகளாக. பைனாகுலர் கொண்டுவந்திருந்த ஒரு ஐயா எல்லோருக்கும் கொடுத்து உதவினார், அவருக்கு நன்றி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் வருகின்றன, அந்த மாதங்களில் ஆழமில்லாத சேற்றுத் தண்ணீர் பெரும்பாலும் ஆந்திரா பக்கம் இருப்பதால் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் சூலூர்பேட்டைக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியை அறுத்துக்கொண்டு போகும் சாலையில் வண்டியை ஓரம் கட்டினாலே இரண்டு பக்கமும் தெரியும். பறவைக்காக மட்டும் போகிறவர்கள் பழவேற்காட்டு டூரில் காசைக் கொட்ட வேண்டாம்.

'ராக்கெட் தீவு' தரிசனம் என்றால் என்ன தெரியுமா? கரையில் நிறுத்தி, தண்ணீருக்கு அப்பால் பச்சை வரி மாதிரி தெரியும் கரையைக் கைகாட்டி "அதுதான்" என்றார். அவ்வளவுதான் தரிசனம். 1969இல் அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள், 1971 அக்டோபர் 9 அன்றைக்கு அங்கிருந்து முதல் சின்ன ராக்கெட் கிளம்பியது, 2023 ஜூலையில் சந்திரயான்-3. ராக்கெட் வருவதற்கு முன்பு அங்கே காட்டில் வாழ்ந்திருந்த யானாதிப் பழங்குடி மக்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தப் பக்கத்திலிருந்து தீவுக்குள் போக முடியாது, ராக்கெட் பார்க்க வேண்டுமென்றால் இஸ்ரோவின் இணையத்தளத்தில் பதிவு செய்து சூலூர்பேட்டை வழியாகப் பார்வையாளர் மாடத்துக்குப் போக வேண்டும். பழவேற்காட்டுக் கடற்கரையில் நின்றாலும் ஏவும்போது நன்றாகத் தெரியும், ஆனால் அன்றைக்கு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. நமக்கு வேடிக்கை, அவர்களுக்கு ஒரு நாள் வரும்படி போச்சு.

சாப்பாடு. ஏரி நண்டுக்கும் இறாலுக்கும் பேர்போன ஊரில் எங்களுக்குப் போட்டது ஃப்ரைட் ரைஸும் ஆளுக்கு ஒரு துண்டு வஞ்சிரமும். வஞ்சிரம் கடல் மீன், அதுவும் ஐஸில் நாள் கணக்கில் கிடந்தது என்று வாயில் வைத்ததுமே தெரிந்தது. திருநெல்வேலிக்குப் போய் டப்பா அல்வா வாங்கித் தின்ற மாதிரி ஆகிவிட்டது.

இதற்கு மேல் சொல்வதெல்லாம் ரயிலில் போன அன்றைக்குப் பார்த்தது. சென்னை சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கிறது, ஷேர் ஆட்டோவும் கிடைக்கும். போகவர ஆளுக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. காலையில் சீக்கிரம் போய்விட்டால் மீன் ஏலத்தைப் பார்க்கலாம். கூடையைக் கவிழ்க்கிற சத்தத்தோடேயே விலையும் கேட்க ஆரம்பித்துவிடும், நாம் என்ன மீன் என்று கேட்பதற்குள் கை மாறிவிடும். மடவை, கிழங்கான், கொடுவா, வெள்ளை இறால். பச்சை நண்டைக் காலைக் கட்டி உயிரோடு தனியாக வைத்திருந்தார்கள், பெரியதெல்லாம் சிங்கப்பூர் வரைக்கும் போகிறதாம், சின்னதுதான் ஊருக்கு. ஒரு சின்ன மெஸ்ஸில் மடவைக் குழம்பும் நண்டு மசாலாவும் சாப்பிட்டோம். மடவையில் முள் அதிகம், பொறுமை வேண்டும், ஆனால் குழம்பில் ஊறிய மடவையின் ருசிக்கு வஞ்சிரம் கிட்ட வர முடியாது.

பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போய், அங்கிருந்து மணலில் வடக்கே நடந்தோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழி, நடுவில் நாம். வழியில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். வேன் கைடு ஒரு நாள் முழுக்கச் சொல்லாததை அவர் ஒரு பீடி முடிவதற்குள் சொல்லிவிட்டார். "வாய் தொறந்திருந்தாத்தான் தம்பி எங்க அடுப்பு எரியும். எறாக் குஞ்சு கடல்லேர்ந்து உள்ள வந்து, கழியில வளந்து, திரும்பக் கடலுக்குப் போவும். மணல் மூடிச்சுன்னா அது எப்படி வரும்? கடலுக்குப் போன படகும் எப்படி வரும்? இடுப்பளவு தண்ணியில எறங்கி நாலு பேர் தள்ளணும்." மணல் ஏன் சேர்கிறது என்று கேட்டேன். வருஷத்தில் பாதிக்கு மேல் அலை மணலை வடக்கே தள்ளும், பனிக்காலத்தில் திரும்பத் தெற்கே தள்ளும், அது எப்போதும் நடப்பதுதான் என்றார். தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளி என்று துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் போட்ட பிறகு இந்தக் கணக்கு மாறிவிட்டது என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. துறைமுகத்தைப் பெரிசாக்கும் திட்டத்துக்கு இவர்கள் ஏன் இத்தனை வருஷமாக எதிர்ப்புச் சொல்கிறார்கள் என்று எனக்கு அந்த மணலில் நின்றபோதுதான் உறைத்தது.

கழியில் யார் எங்கே வலை கட்டலாம் என்பதற்கும் இங்கே ஒரு முறை இருக்கிறது, பாடு என்கிறார்கள். நல்ல இடம் எப்போதும் ஒருத்தருக்கே போய்விடாமல் குப்பங்களுக்குள் முறை வைத்துக்கொள்வது. அந்த முறைக்குள் வராதவர்களும் உண்டு. திரும்பி வரும்போது பாலத்துக்குக் கீழே இருளர் பெண்கள் நாலைந்து பேர் கழுத்தளவு குனிந்து, சேற்றில் இரண்டு கையாலும் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்கிறார்கள், இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் கூடையைப் பிடிக்க வேறு வழியில்லை. வலையும் கிடையாது, படகும் கிடையாது. கைக்குச் சிக்கும் இறாலை அப்படியே தலையைச் சாய்த்துப் பறிக்குள் போடும் வேகத்தைப் பார்த்து அக்கா அங்கேயே நின்றுவிட்டாள்.

நேரமிருந்தால் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள், விஜயநகர காலத்தது, ராமாயணக் காட்சிகள் கையளவுக் கல்லில் செதுக்கியிருக்கின்றன. 1515இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயிலும் இருக்கிறது, இப்போதுள்ள கட்டடம் புதுசு. பனையோலைப் பெட்டி பின்னும் பெண்களிடம் அக்கா மூடி போட்ட பெட்டி ஒன்று வாங்கினாள், சாயம் போட்டது, இறுக்கமான பின்னல், விலையும் நியாயம். பேரம் பேசாதீர்கள்.

குறைகள்: கழிப்பறை வசதி ரொம்ப மோசம், பெண்களோடு போகிறவர்கள் பொன்னேரியிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. நிழல் கிடையாது, குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களில் போகவே வேண்டாம்.

ஊருக்கு ஐந்துக்கு ஐந்து. டூருக்கு இரண்டரை, அதுவும் டிரைவருக்காக. படகுக்காக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டு மெசேஜ் போட்டேன், அடுத்த டூருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்று பதில் வந்திருக்கிறது.